நடராசாவுக்கு ஒரு தெப்பம்

அளம்பில்
18.1.1999

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை புனிதமலர் எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் கிழித்துப்போட வேண்டாம். கிழிப்பதானாலும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

நீங்கள் செட்டிகுளம் முகாமில் இருப்பதாக மடத்துச் சிஸ்டர்தான் சொன்னா. ஷெல் விழுந்து உங்கள் கால் போனதும் அவா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் அண்ணாவுக்கு ஒரு கால் இல்லை என்பது ஊருக்கெல்லாம் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. அன்று முழுக்க அழுதேன். அழுது முடிய, எனக்கு ஒரு சொல் அனுப்பியிருந்தால் என்ன என்று கோபமும் வந்தது. நான் நடராசாவோடு போன அன்று "இண்டையோட நீ எங்களுக்குச் செத்துப்போனாய்" என்று படலையில் நின்று சொன்னீர்கள். செத்தவளுக்கு யார் செய்தி அனுப்புவார்கள்?

நாங்கள் இப்போது முரசுமோட்டையில் இல்லை. சண்டை வந்ததும் கதிர் முற்றிய வயலை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். அக்கராயனில் மாமா வீட்டில் கொஞ்சக் காலம் இருந்தோம். என் மனுசனின் அப்பா மூக்கனைத்தான் மாமா என்கிறேன். நீங்கள் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அங்கேயும் ஷெல் வந்தது. கடைசியில் தலை நீட்ட எனக்கென்று மிஞ்சியது அப்பாவின் வளவுதான். வீடு இல்லை, கிணறு இருக்கிறது. கொட்டில் போட்டிருக்கிறோம். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் டிலுசா, எங்கள் பக்கப் பெயர். சின்னவள் சுகந்தினி, அவர் பக்கப் பெயர். சண்டை வராமல் பங்கு பிரித்தோம்.

விசயத்துக்கு வருகிறேன். இங்கே அவருக்கு வேலை இல்லை. வயல் இல்லாத ஊரில் வயல்காரனுக்கு என்ன வேலை? நிவாரண அரிசி ஒரு மாதம் வந்தால் இரண்டு மாதம் வராது. எண்ணெய்க்குத் தடை என்பதால் இஞ்சின் போட்ட படகெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. ஆண்கள் தெப்பத்தில் முழங்காலை ஊன்றி இருந்து கையால் தண்ணீரை வலித்துப் போகிறார்கள். ஒரு குடும்பத்துக்குக் கறிக்குப் போக அரிசிக்கும் மீன் வருகிறது. அவரும் போகப்போகிறாராம்.

மூன்று வழி இருக்கிறது. பக்கத்து வளவுத் தவராசா அண்ணை தன் பழைய பலகைத் தெப்பத்தைத் தருகிறேன் என்கிறார். சிலர் ரெஜிபோமில் கட்டுகிறார்கள், முன்பு ஐஸ் போட்டு மீன் அனுப்பிய அந்த வெள்ளைப் பெட்டிச் சாமான்தான். மூன்றாவது, பூவரசுக்குக் கீழே கிடக்கும் உங்கள் கட்டுமரம். அப்பாவின் மரம். அதை எடுப்போம் என்று நான்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "ஒங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேக்காம நான் அதத் தொடமாட்டேன் புள்ள" என்கிறார்.

அதனால் கேட்கிறேன். கடலே தெரியாத ஒருவர் முதன்முதலில் எதில் ஏற வேண்டும்? உங்களைத் தவிர எனக்குக் கேட்க ஆள் இல்லை.

புனிதமலர்


செட்டிகுளம்
2.2.1999

புனிதமலருக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

கடல் என்ன உங்கள் முரசுமோட்டை வாய்க்காலா, மதகைத் திறந்து தண்ணீர் பாய்ச்ச? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது சும்மா சொன்ன சொல் இல்லை. நான் பத்து வயதில் கடலில் இறங்கியவன். எனக்கே அது எத்தனை தரம் மண் ஊட்டியது என்று உனக்குத் தெரியும். உன்ர மனுசனைப் பேசாமல் விறகு வெட்டச் சொல்.

மரத்தைத் தொட வேண்டாம். அதற்கு மேல் அதைப்பற்றிக் கதை வேண்டாம். நீயும் அதைத் தாண்டிப் போகாதே. பெண்பிள்ளை கால் வைத்த மரம் கடலில் இறங்காது என்று அப்பா சொல்லி வளர்த்தது மறந்துபோயிருக்காது.

நான் சுகம். முகாமில் தகரக் கொட்டில். பகலில் சூளை, இரவில் நுளம்பு. வெளியே போக ஒரு பாஸ், திரும்பி வர ஒரு பாஸ். ஊருக்குப் போகிறேன் என்று கேட்டால் கொடுக்கிற பாஸ் மட்டும் இன்னும் அச்சடிக்கவில்லைப் போலும். பொய்க்கால் ஒன்று தந்தார்கள், அது என்னோடு ஒத்துப்போகவில்லை. குளத்தில் மீன் பிடிக்கிறவர்களுக்குக் கிழிந்த வலை பொத்திக் கொடுக்கிறேன். அவர்கள் தரும் யப்பான் மீனை வாயில் வைத்தால் சேறு. அதைத் தின்றபடி இருக்கும் நான் கடலைப்பற்றி உனக்கு என்ன எழுத?

கடிதத்தை வாங்கிப்போகச் சிஸ்டர் காத்திருக்கிறா. ஒன்று கேட்கிறேன், கேட்பதற்காகப் போகலாம் என்று சொன்னதாக நினைக்காதே. அவனுக்கு நீந்தத் தெரியுமா? எவ்வளவு பாரம்? நெட்டையா, குட்டையா? தெப்பத்தைப் பற்றிக் கேட்கிறாய். முதலில் பார்க்க வேண்டியது ஏறுகிற ஆளை.

ஞானப்பிரகாசம்


அளம்பில்
15.2.1999

அண்ணாவுக்கு,

மரத்தைத் தொட வேண்டாம் என்ற வரியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மறைத்திருக்கலாம். எதற்கு மறைக்க வேண்டும்? தலையை ஆட்டிவிட்டு எழும்பிப்போய்க் கிணற்றடியில் முகம் கழுவினார்.

நேராகவே கேட்கிறேன். தோட்டக்காட்டான் ஏறினால் அப்பாவின் மரம் தீட்டுப்பட்டுவிடுமா? அவருடைய ஆட்கள் மலையில் தேயிலைத் தோட்டத்தில் அடிவாங்கி வயலுக்கு வந்தார்கள். வயலில் அடிவாங்கி இப்போது கடலுக்கு வந்திருக்கிறார்கள். இதற்கு அப்பால் நிலம் இல்லை அண்ணா. அவரை இன்னும் எங்கே துரத்தப் பார்க்கிறீர்கள்? நீங்களும் இப்போது அகதிதான். நிவாரண வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவன் எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்டுவிட்டா பின்னால் நிற்கிறீர்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன். அழிக்க மாட்டேன்.

கேட்டதற்குப் பதில்: நீந்துவார். குளத்திலும் வாய்க்காலிலும் பழகிய நீச்சல். எருமை மாதிரித் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டுதான் நீந்துவார், ஆனால் களைக்க மாட்டார். ஆள் நெட்டை. நீங்கள் பார்த்தபோது இருந்த உடம்பு இல்லை. சங்கக்கடைத் தராசில் பகிடிக்கு ஏறி நின்றார். ஒரு மூட்டை நெல்லுக்கும் குறைவு. கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தவராசா அண்ணையின் பலகைத் தெப்பத்தை எடுக்கப் பார்க்கிறார். கலப்பைக்கு மரம் பார்ப்பதுபோலத் தட்டிப் பார்த்தார், மூக்கை வைத்து மணந்து பார்த்தார், தூக்கிப் பார்த்து "நல்ல பாரம்" என்று சந்தோசப்பட்டார். பாரமாக இருந்தால்தான் உறுதியாக நிற்குமாம். தவராசா அண்ணை என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்குமென்று நினைக்கிறேன்.

சின்னவளுக்குக் காலில் வீக்கம். மருந்தகத்தில் சாப்பாட்டுக் குறைவு என்கிறார்கள். அண்ணா, அவர் எப்படியும் போகத்தான் போகிறார். தலைக்கு மேல் வெள்ளம், இனிச் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன. எதில் போக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

புனிதமலர்


செட்டிகுளம்
3.3.1999

தங்கச்சி,

தீட்டு என்று கேட்டாய். பாதி அதுதான். பொய் சொல்ல எனக்கு இப்போது வயதில்லை. மற்றப் பாதியைக் கேள்.

அப்பாவின் மரம் ஒடுக்கம். ஓடத் தெரிந்தவனுக்கு அது குதிரை. தெரியாதவனை முதல் அலையிலேயே கவிழ்த்துவிட்டு, அடுத்த அலையில் அவன் தலைக்கு மேலேயே வந்து விழும். நாலு மரம் சேர்த்துக் கட்டிய பாரம். மண்டை தாங்காது. தவராசாவின் பலகையும் அப்படித்தான், நனைய நனைய இன்னும் பாரம். அதுதான் அவன் கண்ணைக் காட்டினான். வயலில் பாரம் நல்லது. அலைவாயில் பாரம் எமன். புதியவன் விழுவான், விழாமல் பழக முடியாது. விழும்போது கூட விழுகிற சாமான் அவனைக் கொல்லாததாக இருக்க வேண்டும்.

ஆகவே ரெஜிபோம். மீன்வாடிக்குப் பின்னால் பழைய பெட்டிகள் கிடக்கும். உடையாத பக்கங்களாகப் பார்த்து எடுக்கச் சொல். விரலால் அழுத்தினால் குழி விழுவது வேண்டாம், அது தண்ணீர் குடித்தது. இரண்டு அடுக்காக வைத்து உரப்பையால் இறுக்கித் தைக்க வேண்டும். தையலை நீ போடு, ஆண்கள் தைத்தால் பிரியும். அடியில் கமுகஞ்சலாகை நாலு.

நீளம் அவன் உயரத்துக்குக் குறையக்கூடாது, மேலே ஒரு முழம் கூடட்டும். கட்டையானது திரும்பச் சுகம் என்று பொடியன்கள் சொல்வார்கள், கேட்காதே. அது பழகியவர்களின் சொகுசு. அகலம், இரண்டு முழங்காலையும் விரித்து இருந்தால் பக்கத்துக்கு ஒரு சாண் மிஞ்ச வேண்டும். ஏறி இருந்தால் மேற்பரப்பு நனையக்கூடாது. மூக்குப் பக்கம் கொஞ்சம் தூக்கி இருக்கட்டும், இல்லாவிட்டால் அலைக்குள் குத்தும்.

முதலில் நாயாற்றுக் களப்பில், அலை இல்லாத தண்ணீரில், பழகட்டும். பிறகுதான் கடல். விழுவதென்றால் தெப்பத்துக்குப் பின்பக்கம் விழ வேண்டும், முன்னால் அல்ல. எழும்பும்போது கை தலையைப் பொத்தியபடி வர வேண்டும். கயிற்றை இடுப்பில் கட்டக் கூடாது. போகும்போதும் வரும்போதும் முழங்கால்தான். வெளியே ரோந்து வருகிற அந்தச் சாம்பல் நிறப் படகின் சத்தம் கேட்டால் மூச்சுக் காட்டாமல் குப்புறப் படுக்க வேண்டும். படுத்திருக்கும் தெப்பம் அலையோடு அலை, தூரத்துக்குத் தெரியாது. இதற்கு மேல் எழுத மாட்டேன். கடிதம் திறந்தபடிதான் உன்னிடம் வருகிறது, வழியில் எத்தனை பேர் வாசிக்கிறார்களோ.

சின்னவளுக்கு முருங்கையிலை கொடு. இத்துடன் ஒரு பால்மா டின் அனுப்புகிறேன். வழியில் பறிக்காவிட்டால் வந்து சேரும்.

ஞானப்பிரகாசம்


அளம்பில்
22.4.1999

அன்புள்ள அண்ணா,

மா டின் வந்தது. கொஞ்சம் குறைந்து வந்தது, ஆனாலும் வந்தது. சுகந்தினி கரண்டியை நக்கிக்கொண்டு "செட்டிகுளம் மாமா இன்னும் அனுப்புவாரோ?" என்று கேட்கிறாள். உங்களுக்கு அங்கே கிடைத்த பங்கைத்தான் அனுப்பியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

தெப்பம் கட்டியாகிவிட்டது. நீங்கள் எழுதியதை அப்படியே செய்தோம். வாடியில் அவர் ஒவ்வொரு பெட்டியாக விரலால் அழுத்திப் பார்த்ததைச் சனம் வேடிக்கை பார்த்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவன்கூட இவ்வளவு பார்க்க மாட்டான் என்றார் தவராசா அண்ணை. தையல் நான் போட்டேன், இரட்டை நூல். தைக்கும்போது அதைத் தாண்டவில்லை, மிதிக்கவில்லை, சுற்றிச் சுற்றி இருந்து தைத்தேன். அப்பாவின் பேச்சுக்கு இன்னும் பயம்தான். பாதர் வந்து தண்ணீர் தெளித்துச் சிலுவை போட்டார். பாதர் அங்கால் போனதும் இவர் ஒரு தேசிக்காயை அதன் கீழே வைத்து நசித்தார், முன்பு ட்ரக்டருக்குச் செய்ததுபோல. இரண்டு பக்கத்துக் காவலும் இருக்கிறது.

களப்பில் ஒரு கிழமை. பிறகு கடல். ஐயோ அண்ணா, விழுந்த விழுகை! முதல் நாள் வாய் நிறைய மண். இரண்டாம் நாள் தெப்பம் தனியே கரைக்கு வந்தது, அவர் பின்னால் நீந்தி வந்தார். ஒருமுறை அது நேராக அவர் தலையில் விழுந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் பஞ்சு மூட்டை விழுந்ததுபோலத்தான், அவர் சிரித்தார். அப்பாவின் மரமாக இருந்தால் அன்றைக்கே நான் விதவை. நீங்கள் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று அந்த நிமிசம் விளங்கியது.

இப்போது நான் சொல்லப்போவதை நம்ப மாட்டீர்கள். முழங்காலில் இருந்தால் அவருக்கு நிலை வரவில்லை. சரிந்து சரிந்து விழுந்தார். ஒருநாள் அலையோடு கரைக்கு வரும்போது பட்டென்று எழும்பி நின்றுவிட்டார். விழவில்லை! தெப்பத்தின் முன்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடித்து, பின்னுக்குக் கொஞ்சம் சாய்ந்து, கரை மண்ணில் முட்டும்வரை நின்றபடி வந்தார். எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். "பரம்படிக்கிறது மாதிரித்தான் புள்ள. அங்க மாடு இழுக்கும், இங்க அல தள்ளுது" என்றார். உங்களுக்கு வயல் வேலை தெரியாது. உழுத சேற்றை மட்டப்படுத்த ஒரு பலகையை மாடுகளுக்குப் பின்னால் கட்டி, அதன்மேல் ஆள் ஏறிக் கயிற்றைப் பிடித்து நிற்பார்கள். சேறு வழுக்கும், பலகை துள்ளும், ஆள் விழக்கூடாது. பன்னிரண்டு வயதிலிருந்து அவர் அதில் நின்றவர்.

இப்போது கரையில் பிள்ளைகளுக்கு இதுதான் படம். அவர் வரும் நேரம் டிலுசா ஓடிப்போய் நிற்பாள். "என்ர அப்பா நிண்டு வாறார்" என்று எல்லோருக்கும் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் இவ்வளவு காலமும் அவளைத் தோட்டக்காட்டான் பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள்.

தவராசா அண்ணை மட்டும் ஏசுகிறார். "முழங்காலில இரு நடராசா, இது திருவிழா இல்லை" என்கிறார். நீங்களும் முழங்கால்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உங்கள் சொல்லுக்கு அவர் கட்டுப்படுவார்.

மீன் படுகிறது. சுகந்தினியின் கால் வீக்கம் வற்றிவிட்டது.

உங்கள் புனிதம்


செட்டிகுளம்
19.5.1999

அன்புள்ள புனிதம்,

உன் கடிதத்தைக் கொட்டிலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் கரைச்சனம். ஒருவரும் நம்பவில்லை. நான் சத்தியம் பண்ணினேன். காணாத ஒன்றுக்கு ஏன் சத்தியம் பண்ணினேன் என்று தெரியவில்லை.

அலைமேல் எழும்பி நிற்கிறதா! எங்கள் கரையில் ஒருத்தனும் நின்றதில்லை. அப்பா நின்றதில்லை, நான் நின்றதில்லை. சின்ன வயதில் ஒருமுறை ஆசைப்பட்டு எழும்பினேன். அப்பா துடுப்பால் அடித்தார். அந்த அடிக்குப் பிறகு ஆசை போய்விட்டது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். உன் கடிதம் வந்த இரவு எனக்கு இரண்டு காலும் இருப்பதாகக் கனவு.

மச்சானிடம் சொல். ஓம், மச்சான் என்றுதான் எழுதுகிறேன், இந்த வரியை உரத்து வாசி. வெளியே போகும்போது முழங்கால்தான். வலை போடும்போதும் முழங்கால். கரைக்கு வரும்போது அலை பிடித்தபிறகு நிற்கட்டும். தவராசா பழைய ஆள், அவன் சொல்லுவான். நான் சொல்கிறேன், மச்சான் நிற்கட்டும். என் மருமகள் பார்க்கட்டும். ஊரும் பார்க்கட்டும்.

பாதை திறந்தால் நான் வருவேன். வந்ததும் கரையில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். பிறகு அப்பாவின் மரத்தை அவிழ்த்துக் கட்டுவோம். அடுத்த வருடம் மச்சான் அதில் போகலாம், அதற்குள் பழகிவிடுவார். இதை நான் கேட்காமலே தருகிறேன் என்று சொல்.

இனிக் கச்சான் காற்றுத் தொடங்கும். தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. ரெஜிபோம் பாரம் இல்லாதபடியால் காற்று வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். தூரம் போக வேண்டாம். கோயில் கூரை தெரிகிற தூரம்தான் எல்லை.

அண்ணா


செட்டிகுளம்
28.7.1999

அன்புள்ள புனிதம்,

பாதை பூட்டியே கிடக்கிறது. ஒன்றும் உள்ளே போகவில்லை, ஒன்றும் வெளியே வரவில்லை என்கிறார்கள். அரிசிகூடப் போகவில்லையாம். பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள்? மச்சான் இருக்கிறார், மீன் இருக்கிறது என்று நினைத்து மனதைத் தேற்றுகிறேன்.

போன மாதமும் ஒன்று எழுதிச் சிஸ்டரிடம் கொடுத்தேன். அது அவவின் பையிலேயே கிடக்கிறது. இதையும் அதோடு வைப்பா. பாதை திறந்ததும் ஒரு வரி எழுது. தெப்பத்தின் உரப்பை வெயிலில் இற்றிருக்கும், மாற்றித் தை.

அண்ணா


அளம்பில்
30.8.1999

அன்புள்ள அண்ணா,

பாதை திறந்து சிஸ்டர் வந்தா. உங்கள் இரண்டு கடிதமும் இன்றைக்குத்தான் கையில் கிடைத்தது. உரப்பையை மாற்றித் தைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். தைக்கத்தான் வேண்டும். அதில் இப்போது ஓட்டைகள் இருக்கின்றன.

அவர் இல்லை அண்ணா. ஆடி கடைசியில் முடிந்துவிட்டது.

எப்படி என்று கேட்பீர்கள். எழுதுகிறேன். ஒருமுறைதான் எழுதுவேன்.

அன்று விடிய ஐந்து தெப்பம் போனது. அன்றைய கச்சான் வழமையைவிட நேரத்தோடு, விடிந்ததுமே வீசத் தொடங்கிவிட்டது. தவராசா அண்ணையும் மற்றவர்களும் வெளியே இழுபட்டுப் போய்விட்டார்கள். இவர் நீங்கள் சொன்ன எல்லையைத் தாண்டவில்லை. கோயில் கூரையைப் பார்த்துப் பார்த்து நின்றிருக்கிறார். ஆகவே முதலில் திரும்பியதும் இவர்தான். வெளியே அந்தப் படகு வந்தது. சத்தம் கேட்டதும் அவர்கள் நாலு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். தரைக்காற்று அவர்களுக்கு வந்த சத்தத்தை இவர் பக்கம் வர விடவில்லை. இவருக்கு முன்னால் கரையில் அலை உடைகிற சத்தம் மட்டும்தான். முதுகு கடலுக்கு, முகம் எங்களுக்கு.

டிலுசா கரையில் நின்றாள். நானும் பானையோடு நின்றேன். அலை பிடித்தது. எழும்பி நின்றார், கயிற்றைப் பிடித்தபடி, எப்போதும் போல. தவராசா அண்ணை "படு, படு" என்று கத்தியிருக்கிறார். நின்ற ஆளைத்தான் தூரத்துக்குத் தெரியும். படுத்த நாலு பேரும் வீட்டுக்கு வந்தார்கள்.

டிலுசா அப்போதும் "அப்பா நிண்டு வாறார்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. இன்றுவரை ஒரு சொல் இல்லை.

தெப்பம் தனியே வந்தது. ஐந்தாறு இடத்தில் குண்டு துளைத்திருந்தது, ஆனாலும் தாழவில்லை. நல்ல சாமானாகத்தான் தெரிந்தெடுத்துத் தந்தீர்கள். அவரை அடுத்தநாள் நாயாற்று முகத்தில் கண்டெடுத்தார்கள்.

உங்கள் வைகாசிக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை ஒளித்துவைத்தால் அவருக்குச் செய்கிற துரோகம். மச்சான் என்று எழுதிய அந்த வரியை உரத்து வாசித்தேன். இன்னொருக்கா வாசி என்றார். பிறகு தானே வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தார். மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்திருந்தார். கல்யாணம் கட்டிய இத்தனை வருடத்தில் அவரை நான் அவ்வளவு சந்தோசமாகக் கண்டதில்லை. நிற்கட்டும் என்று நீங்கள் எழுதினீர்கள். அவர் நின்றார். உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன். சில நாள் இருக்கிறது. சில நாள் இல்லை. இதைவிட உண்மையாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

அவருடைய ஆட்கள் புதைப்பதில்லை, எரிப்பார்கள். மாமா அக்கராயனிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஊர்ச்சனம் விறகு கொண்டுவந்து தந்தது, குறைவில்லை. ஆனாலும் நான் பூவரசடிக்குப் போய் அப்பாவின் மரத்தை இழுத்துவரச் சொன்னேன். நாலையும் அவிழ்த்து அடியில் அடுக்கினோம். அடுத்த வருடம் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த வருடம் இல்லை. ஆகவே இந்த முறை உங்களிடம் கேட்கவில்லை. இவ்வளவு காலமும் காய்ந்து கிடந்த மரம் நன்றாக எரிந்தது. மாமாதான் கொள்ளி வைத்தார். கிழவன் அழவில்லை, மரத்தைத் தொட்டுக் கும்பிட்டார்.

இப்போது என்னிடம் இருப்பது இரண்டு பிள்ளைகளும் ஓட்டை விழுந்த ஒரு தெப்பமும். பாதை திறந்துவிட்டது, அரிசி வரும் என்கிறார்கள். இன்னும் வரவில்லை. சுகந்தினியின் கால் மறுபடி வீங்குகிறது.

களப்பில் பெண்கள் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறார்கள். எல்லோரும் தடவித் தடவிக் கரையோரம் வெறுமையாகிவிட்டது. நடுவே போனால் படும். நடக்க ஆழம், தெப்பம் வேண்டும். பெண்பிள்ளை கால் வைக்கக்கூடாதது மரத்தில்தானே? அந்த மரம் இப்போது இல்லை.

தையில் கேட்ட அதே கேள்வியை இன்னொருக்கா கேட்கிறேன். இந்த முறை எனக்காக. எனக்கு நீந்தத் தெரியும், சின்ன வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் நீங்கள்தான் பழக்கினீர்கள். நான் கட்டை. பாரம் அவரைவிட மிகக் குறைவு. அவருக்குக் கட்டிய தெப்பம் எனக்கு நீளமாக இருக்கிறது, திருப்பக் கை எட்டவில்லை. எவ்வளவு வெட்ட வேண்டும்?

புனிதம்


செட்டிகுளம்
14.9.1999

புனிதம்,

உன் கடிதம் வந்து ஒரு கிழமை. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். எழுதிய எல்லாம் என்னைப் பற்றியே இருந்தது. நீ கேட்டது தெப்பத்தைப் பற்றி.

மரத்தை எரித்தது சரி. நான் சொல்லியிருக்க வேண்டியதை நீ செய்துவிட்டாய்.

மூக்குப் பக்கம் வெட்டாதே. பின்பக்கம் ஒரு முழம் வெட்டு. அகலத்தைக் குறைக்காதே. துளைகளை அப்படியே விடாதே, தண்ணீர் குடித்துப் பாரம் ஏறும். வெட்டிய துண்டைச் சீவி ஆப்பு மாதிரி அடைத்து, மெழுகு உருக்கி விடு. கோயிலில் மெழுகுதிரிக் கட்டை கேட்டால் பாதர் தருவார். உரப்பை இரண்டு அடுக்காகப் போட்டு இரட்டை நூலில் தை. கறுப்புச் சீலை கிடைத்தால் அதற்கு மேலே சுற்று. வெள்ளை வேண்டாம்.

களப்போடு நில். கடலுக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் வேண்டாம். டிலுசாவைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போகாதே. சில நாள் போக, அவளே கேட்டால் கூட்டிப் போ.

முழங்கால் நோகும். பழைய சாக்கை மடித்துப் போடு. களைத்தால் குப்புறப் படுத்து இளைப்பாறு. ஒருத்தரும் பார்க்காவிட்டாலும், காற்று நின்று தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தாலும், முழங்காலில் இரு.

எழும்பி நிற்காதே, தங்கச்சி.

அண்ணா